1860-ஐ எப்படி எழுதினால் அழகு?

நவம்பர் 16 வந்தால் டர்பனில் எங்கள் குடும்பம் முழுக்க ஒரே மாதிரி டி-சர்ட் போடும். 1860-ல் அந்த நாளில்தான் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் இங்கே வந்து சேர்ந்தது. இந்தத் தடவை அக்கா மகன் அடம்பிடித்தான்: "மாமா, வருஷா வருஷம் அதே 1860-தானா? வேற அடிமானத்துல போடுவோம்." நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோமே, அந்தப் பத்துதான் அடிமானம்; அதை மாற்றினால் அதே எண்ணுக்கு வேறு இலக்கங்கள் வரும். சரி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாட்ஸ்வொர்த் வீட்டுச் சமையலறையில் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தோம்.

இரும முறை முதல் சுற்றிலேயே அவுட்: 11101000100. நெஞ்சில் இடம் போதாது. பதினாறில் எழுதினால் 744. கச்சிதம்தான், ஆனால் பஸ் நம்பர் மாதிரி இருக்கிறது. தாத்தா காலத்துக் கணக்கில் 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட். 1860 பென்னி என்றால் 7 பவுண்ட் 15 ஷில்லிங். இடத்துக்கு இடம் அடிமானம் மாறுகிற இந்தக் கலப்புக் கணக்கைக் கடைக்காரர்கள் 1961 பிப்ரவரியில் ராண்ட் நாணயம் வரும்வரை மனத்திலேயே போட்டிருக்கிறார்கள்!

கடைசியில் களத்தில் நின்றவை இரண்டு.

ஆறில் 12340. ஒரு 1296, இரண்டு 216, மூன்று 36, நான்கு 6, மிச்சம் சுழி. நம்பமுடியாமல் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்.

பதினொன்றில் 1441. அதாவது 1331 + 484 + 44 + 1. விகடகவி மாதிரி, திருப்பிப் படித்தாலும் அதேதான். 2 முதல் 10 வரை எந்த அடிமானத்திலும் 1860 இப்படித் திரும்பி வராது.

பார்த்தவுடன் என் ஓட்டு ஆறுக்குத்தான். ஆனால் எண்ணின் உள்விஷயத்தை எது அதிகம் சொல்கிறது என்று தோண்டியபோது மனம் மாறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: இலக்கங்களின் கூட்டுத்தொகை 9-ஆல் வகுபட்டால் எண்ணும் வகுபடும், மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்துச் சுழி வந்தால் 11-ஆல் வகுபடும். பத்துக்கு ஒன்று குறைவு, ஒன்று கூடுதல். எந்த அடிமானத்துக்கும் இதே விதிதான்.

12340-ல் கடைசிச் சுழி, எண் 6-ஆல் வகுபடும் என்கிறது. கூட்டுத்தொகை 10, எனவே 5-ஆலும் வகுபடும். ஆக 30 வரை தெரிகிறது. 1, 2, 3, 4 என்று வரிசையாக நிற்பது வெறும் அதிர்ஷ்டம்.

1441-க்கும் கூட்டுத்தொகை 10. ஆனால் இங்கே பார்க்கவேண்டியது 11-க்கு ஒன்று குறைவான 10, எனவே 10-ஆல் வகுபடும். 1 − 4 + 4 − 1 = 0, எனவே 12-ஆலும் வகுபடும். இரண்டும் சேர்ந்தால், அவற்றின் மீச்சிறு பொது மடங்கான 60. 1860 என்பது 60 × 31 ஆயிற்றே! இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கும் விகடகவியில் இந்தக் கழித்தல் தானாகவே சுழியாகிவிடும். அழகே வேலையும் செய்கிறது.

1441 என்று முடிவானது. அடிமானத்தைக் காட்டக் கீழே பொடியாக ஒரு 11 போடச் சொல்லியிருந்தோம். அச்சடித்தவர் அதை விட்டுவிட்டார். விழாவில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி என் டி-சர்ட்டை உற்றுப் பார்த்து, "1441-ல என்னப்பா நடந்துச்சு?" என்றார்.

"கப்பல் வந்துச்சு ஆன்ட்டி" என்றான் மருமகன்.