வாடகைக்கு எடுப்பது கம்பெனி, உள்ளே இருப்பது லீஸ்: ரூ.3,32,000 போச்சு

நேற்று சாயங்காலம்தான் வீட்டுச் சாவி திரும்பக் கைக்கு வந்தது. அதற்கு அழுத தொகை ரூ.3,32,000. வீடு சென்னை மேடவாக்கத்தில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட், ஓனரான நான் இருப்பது கோயம்புத்தூரில். இப்படி வெளியூரில் இருக்கிற ஓனராகப் பார்த்துத்தான் பிடிக்கிறார்கள் இந்த வாடகை கம்பெனிக்காரர்கள். கம்பெனி பெயரைப் போடவில்லை, போட்டாலும் பிரயோஜனமில்லை, அடுத்த மாசம் வேறு பெயர் வைத்துக்கொள்வார்கள். "உங்க வீட்டை நாங்களே வாடகைக்கு எடுத்துக்கறோம், ஆள் இருந்தாலும் இல்லாட்டாலும் வாடகை அக்கவுண்ட்ல விழும்" என்று ஆன்லைனில் கூவுகிற வீட்டுப் பராமரிப்பு நிறுவன வகை.

நம்ப வைக்கிற விதம் அருமை. புரோக்கர் கமிஷன் கிடையாது. அட்வான்ஸ் ரூ.66,000, கையெழுத்துப் போட்ட அன்றே அக்கவுண்டில். பாத்ரூமில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயை அவர்கள் செலவிலேயே மாற்றினார்கள். வாடகை ரூ.22,000 ஐந்து மாசம் 5-ஆம் தேதி டாண் என்று வந்தது. ஆக அவர்கள் கையை விட்டுப் போனது மொத்தம் ரூ.1,76,000. அதே வீட்டை உள்ளே ஒரு குடும்பத்துக்கு எட்டு லட்சத்துக்கு லீஸுக்கு (மாச வாடகை கிடையாது, மொத்தமாகக் கட்டிய பணத்தைக் காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டும்) விட்டுவிட்டார்கள். மீதி ரூ.6,24,000 அவர்கள் பாக்கெட்டில். இப்படி நூறு வீடு பிடித்தால் என்ன ஆகும், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். புது லீஸ் பணம் வருகிறவரை பழைய ஓனர்களுக்கு வாடகை போகும். அது நின்றதும் எல்லாம் நின்றுவிடும்.

ஆறாவது மாசம் நின்றது. முதலில் "ஆடிட் நடக்குது சார்". அப்புறம் "அக்கவுண்ட் ஃப்ரீஸ் ஆயிருக்கு, பதினஞ்சு நாள்ல கிளியர் ஆயிடும்". அப்புறம் "உங்க டிக்கெட்டை சீனியர் டீமுக்கு அனுப்பிட்டோம்". அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக். ஆபீஸ் என்று சொன்ன மாடியில் டூ-லெட் போர்டு தொங்குகிறது.

வீட்டுக்கு நேரில் போனால், குடியிருக்கும் அம்மா பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்து காட்டினார். எட்டு லட்சத்துக்கு ரசீது. பதினொரு மாச அக்ரிமெண்ட். பின்னால் பின் அடித்து, என் வீட்டு வரி ரசீது நகல்! கேஸ் கனெக்‌ஷனுக்கு வேண்டும் என்று என்னிடம் வாங்கியது அது. அந்த அம்மா மேல் கோபப்பட முடியவில்லை, என்னைவிட அதிகம் இழந்தவர் அவர்தான். "பணம் வராம நாங்க எங்க சார் போவோம்?" என்றார்.

போலீஸ் ஸ்டேஷனில் இருந்தவர், கம்பெனியோடு நான் போட்ட அக்ரிமெண்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கையெழுத்து உங்களுதுதானே? சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க." அவர் விரல் வைத்த இடம் ஏழாவது ஷரத்து: கம்பெனி தனக்கு ஏற்ற நிபந்தனைகளின்படி ஆட்களைக் குடியமர்த்தலாம், தொகை வசூலிக்கலாம். ஒரே ஒரு வரி. மாச வாடகையைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துப் போட்ட கையெழுத்து. எழுத்தில் ஓனர் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட முடியாது என்று சட்டம் இருக்கிறது. அந்தச் சம்மதத்தைத்தான் அந்த ஒரு வரியில் எழுதி வாங்கிவிட்டார்கள்.

ஒன்பது மாச பாக்கி ரூ.1,98,000. அட்வான்ஸைக் கழித்தால் ரூ.1,32,000. காலி செய்ய அந்தக் குடும்பத்துக்குப் பேசி முடித்துக் கொடுத்தது ரூ.2,00,000. மொத்தம் ரூ.3,32,000. கரண்ட்டைப் பிடுங்கு, தண்ணியை நிறுத்து, தானா ஓடிடுவாங்க என்று யோசனை சொன்னவர்கள் நிறைய பேர். செய்துவிடாதீர்கள். தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் (2017-இல் வந்தது, 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறை) அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதற்குத் தடை இருக்கிறது. நாம்தான் மாட்டுவோம்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், நேரமில்லை. உள்வாடகை, போக்கியம், லீஸ் மூன்றும் கூடாது என்று அக்ரிமெண்டில் தனித்தனியாக எழுதுங்கள். குடிவருகிறவர் பெயரும் அதில் இருக்கட்டும், வாடகை அவர் அக்கவுண்டிலிருந்து நேராக உங்களுக்கு வரட்டும். பதினொரு மாசம்தானே, பதிவு எதற்கு என்பார்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைத்தான் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும், அதனால்தான் அந்தப் பதினொன்று. மேலே சொன்ன வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது வேறு, அதை விடாதீர்கள். வீட்டு வரி ரசீது, ஈபி கார்டு நகல் எது கொடுத்தாலும் குறுக்கே எதற்காக என்று எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள். குடிவந்த முதல் வாரமே நேரில் போய், "எவ்வளவு கொடுத்தீங்க?" என்று கேளுங்கள். நான் கேட்காத கேள்வி அது.

லீஸுக்குப் போகிறவர்களும் ஓனர் முகத்தைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

பூட்டு மாற்றுகிற ஆள் கீழே வந்து நிற்கிறார். அதற்கு எண்ணூறு கேட்கிறார்.