மாந்தோப்பில் தொலைநோக்கி, வீட்டில் மடிக்கணினி: இண்டி மென்பொருள் ஒரு மதிப்பீடு

கிருஷ்ணகிரி நகரின் விளக்கொளியில் மங்கலான விண்பொருள்களைப் படமெடுக்க இயலாததால், இராயக்கோட்டை அருகே எங்கள் மாந்தோப்பில் தொலைநோக்கியை நிறுவி, அதை வீட்டிலிருந்தே இயக்க இண்டி என்னும் கட்டற்ற மென்பொருளை ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். தோப்பிலுள்ள ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியில் இண்டி சர்வரும், வீட்டு மடிக்கணினியில் கேஸ்டார்ஸ் என்னும் வானியல் மென்பொருளும் இயங்குகின்றன.

இண்டிக்கு அடிப்படை, எல்வுட் டவுனி வடிவமைத்த தகவல் பரிமாற்ற நெறிமுறை. அதில் கருவியும் கணினியும் எக்ஸ்எம்எல் என்னும் குறிச்சொல் வடிவ எழுத்து வரிகளில் பேசிக்கொள்கின்றன. ஒவ்வொரு கருவியையும் இயக்கும் நிரலான டிரைவர், தன்னிடமுள்ள பண்புகள் எவை, அவற்றுள் படிக்க மட்டும் முடிந்தவை எவை, மாற்றத்தக்கவை எவை, எண்ணாயின் அதன் மேல், கீழ் வரம்புகள் என்ன என்பதையெல்லாம் 'டெஃப்' என்று தொடங்கும் குறிச்சொற்களில் தானே அறிவித்துவிடுகிறது. அதைப் படித்து மடிக்கணினி தன் திரையில் பொத்தான்களை அமைத்துக்கொள்கிறது. படத்தின் குவியத்தைச் சரிசெய்யும் ஃபோகசர் ஒன்றை நான் புதிதாக வாங்கியபோது தோப்பில் அதன் டிரைவரைச் சேர்த்ததோடு வேலை முடிந்தது. வீட்டுக் கணினியில் ஒரு வரியையும் மாற்றவில்லை. இந்த மென்பொருளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

வரிகள் மனிதர் படிக்கக்கூடியவை என்பதன் அருமை ஒரு நள்ளிரவில் தெரிந்தது. தொலைநோக்கி எந்தக் கட்டளைக்கும் அசையவில்லை. டெல்நெட் என்னும் எழுத்துவழி இணைப்பு நிரல் வழியே இண்டி சர்வரின் 7624ஆம் போர்ட்டில் (இணைப்பு வாயிலில்) இணைந்து பண்புகளைக் கேட்டேன். நகரும்போது 'பிஸி' என்றிருக்க வேண்டிய ஆயத்தொலைவின் (நோக்கும் இடத்தைக் குறிக்கும் எண்களின்) நிலை 'அலர்ட்', அதாவது பிழை, என்றிருந்தது; சற்றுக் கீழே, தொலைநோக்கியை அசையாமல் நிறுத்திவைக்கும் பார்க் சுவிட்ச் 'ஆன்' என்று வந்தது. முந்தைய இரவு நிறுத்திவைத்ததை விடுவிக்க நான்தான் மறந்திருந்தேன். தோப்புக்கு வண்டியோட்டாமலே சரியாயிற்று.

படங்களை அனுப்புவதில் இதே எக்ஸ்எம்எல் சுமையாகிறது. படத்தின் பைனரித் தரவு, எக்ஸ்எம்எல்லில் அனுப்புவதற்காக பேஸ்64 என்னும் முறையில் எழுத்துகளாக மாற்றப்படுவதால் 24 எம்பி படம் 32 எம்பியாக வளர்கிறது. தோப்பிலுள்ள மொபைல் இணையத்தில் அது பெரும் தாமதம். படங்களை ராஸ்பெர்ரி பையிலேயே சேமிக்கும்படி அமைத்துக்கொண்டேன்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்நெறிமுறைக்கெனக் கடவுச்சொல்லோ மறைகுறியாக்கமோ இல்லை. ரவுட்டரில் 7624ஐ இணையத்துக்குத் திறந்துவிட்டால், முகவரி தெரிந்த எவரும் பகலில் உங்கள் தொலைநோக்கியைச் சூரியனை நோக்கித் திருப்பிவிட முடியும். ஆகவே விபிஎன் என்னும் பாதுகாப்பான தனி இணைப்பை அமைத்த பிறகே கருவியை இணையத்தில் இணையுங்கள்.