கண் மருத்துவரா, ஆப்டோமெட்ரிஸ்டா?

"கண் டாக்டர் ஆகணும்" என்று சொல்லும் பிள்ளைகள் பலருக்கு, கண் மருத்துவர், ஆப்டோமெட்ரிஸ்ட் இரண்டும் வேறு வேறு படிப்பு என்பதே தெரிவதில்லை.

கண் மருத்துவராக நீட் எழுதி எம்.பி.பி.எஸ். 5½ ஆண்டு, பிறகு முதுநிலை நீட், கண் மருத்துவத்தில் எம்.எஸ். 3 ஆண்டு. விழித்திரைச் சிறப்புப் பயிற்சி என்றால் இன்னும் நீளும். ஆப்டோமெட்ரி பட்டத்துக்குப் பயிற்சிக் காலத்தோடு நான்கைந்து ஆண்டு போதும். பார்வை அளக்கலாம், கண்ணாடி எழுதலாம். அறுவை சிகிச்சை செய்ய முடியாது.

கண்புரை அறுவையில் இரு கைகளும் மைக்ரோஸ்கோப்பின் கீழே கருவி பிடித்திருக்க, இரு கால்களும் பெடல்களில் இருக்கும். கண் லென்ஸின் பின்பக்க உறை சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன்தான். அந்த நிதானம் பழகப் பழகத்தான் வரும். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய பிறகும் அறுவை செய்யக் கற்றுக்கொண்டவர் டாக்டர் கோ. வெங்கடசாமி; 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர். கை நிதானம் வருமா என்று பயந்து விலகிவிடாதீர்கள்.

எழுத்து தெரியாத குழந்தை மிரண்டு உட்கார்ந்திருக்கும். கண்ணுக்குள் ஒளி பாய்ச்சும் ரெட்டினோஸ்கோப் கருவியின் ஒளி கண்மணிக்குள் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தே பவரைக் கண்டுபிடிப்பார் ஆப்டோமெட்ரிஸ்ட். அதைச் சின்ன வேலை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

வீட்டுச் சூழ்நிலை பத்து வருடம் காத்திருக்க விடாது என்றால் தயங்காமல் ஆப்டோமெட்ரி எடுக்கலாம். ஆனால் அதில் சேர்ந்துவிட்டுப் பிறகு கண் மருத்துவராக மாறிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மறுபடி நீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.