காலி வீதி நெரிசலும் அதிவேக நெடுஞ்சாலையும்: ஹைபிரிட் காரோடு ஆறு ஆண்டுகள்

2019இல் பழைய சுசுகி அல்ட்டோவை விற்றுவிட்டு, ஜப்பானிலிருந்து வந்த ரொயோட்டா அக்வா என்ற ஹைபிரிட் கார் ஒன்றை, அதாவது பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இயங்கும் காரை, வாங்கினேன். அன்று முதல் ஒவ்வொரு தடவையும் தாங்கியை நிரப்பி, அடித்த லீற்றரையும் ஓடிய தூரத்தையும் கொப்பியில் குறித்து வருகிறேன். 2022இல் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர் என்றிருந்த நாட்களில், அம்மாவைக் கிளினிக்குக்கு எந்தப் பாதையால் கூட்டிப்போவது என்பதைக்கூட அந்தக் கொப்பியைப் பார்த்தே முடிவு செய்தோம்.

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குக் காலையில் போகிறவர்களுக்குப் பம்பலப்பிட்டி நெரிசலைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதே வீதியில் அல்ட்டோ லீற்றருக்கு 13 கிலோமீற்றர்தான் தந்தது. எஞ்சின் 800 சிசிதான். ஆனால் நின்ற இடத்திலும் அது பெற்றோலைக் குடித்துக்கொண்டே இருக்கும். அக்வாவின் எஞ்சின் 1500 சிசி. ஆனாலும் எனக்கு 19 கிடைக்கிறது. ஊர்ந்து போகையில் எஞ்சின் அணைந்துவிடுகிறது, மின்மோட்டார் இழுக்கிறது. பிரேக் பிடிக்கும்போது வீணாகிப்போகும் சக்தியில் ஒரு பகுதி பற்றரிக்குத் திரும்புகிறது. ஏசியைக் கடுமையாகப் போட்டால் மட்டும் பற்றரி விரைவில் இறங்கி, நின்றுகொண்டிருக்கும்போதே எஞ்சின் விழித்துக்கொள்ளும்.

கொட்டாவையில் தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் ஏறியதும் கதை மாறுகிறது. அங்கே பிரேக்குக்கு வேலையே இல்லை. திரும்பக் கிடைக்கும் சக்தியும் இல்லை. காரைத் தள்ளுவது பெரும்பாலும் எஞ்சின்தான். வேகத்தின் வர்க்கத்துக்கேற்பக் காற்றின் எதிர்ப்பு கூடும். மணிக்கு 80 கிலோமீற்றரிலிருந்து அனுமதிக்கப்பட்ட 100க்கு ஏறினால், அந்த எதிர்ப்பு ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். என் கணக்கில் 100இல் லீற்றருக்கு 19, 80இல் 23. காலி வரை ஏறத்தாழ 95 கிலோமீற்றர். 100இல் போனால் 14 நிமிடம் மிச்சம், பெற்றோலில் முக்கால் லீற்றருக்கு மேல் நட்டம். அவசரம் இல்லாத நாளில் இடப்பக்க ஒழுங்கையில் 80இலேயே போகிறேன். அதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்தில் அத்தான் டீசல் வான் வைத்திருக்கிறார். ஏ9 வீதியில் ஒரே சீராக 60, 65இல் ஓடும்போது அவருக்கு 12 வரை கிடைக்கிறது. கொழும்புக்குள் வந்தால் 8. டீசல் எஞ்சினுக்கு அழுத்த விகிதம், அதாவது எரிக்குமுன் உள்ளே காற்றை அமுக்கும் அளவு, அதிகம், ஒரு லீற்றர் டீசலில் அடங்கிய சக்தியும் பெற்றோலைவிடக் கூடுதல். நீண்ட பாதையும் பாரமும் உள்ளவருக்கு அதுவே பொருத்தம். ஆனால் தினமும் நகரத்துக்குள் மட்டும் ஓடுகிறவர் டீசல் வண்டி வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன்.

சென்ற வருடம் நகரக் கணக்கு 19இலிருந்து மெல்ல மெல்ல 16க்கு இறங்கியது. பற்றரியை மாற்றவேண்டும் என்று ஒரு கராஜில் சொன்னார்கள். நான் அவசரப்படவில்லை. வேறொரு மெக்கானிக் பின் இருக்கையடியில் இருக்கும் பற்றரிக்கான காற்றுத் துவாரத்தைத் திறந்து காட்டினார்: தூசி பஞ்சுபோல அடைத்திருந்தது. அதைத் துப்புரவாக்கி, ரயர்களில் குறைந்திருந்த காற்றையும் சரிசெய்தார். அதற்கு அடுத்த தாங்கி 18.6, அதற்கும் அடுத்தது 19.2.