உலர்ந்த மரக்காதுக் காளான்: கறுப்பும் வெள்ளையும்

சிங்கப்பூர் சைனாடவுனில் உள்ள உலர்பொருள் கடை ஒன்றில் சென்ற மாதம் கறுப்பு மரக்காதுக் காளான் 100 கிராமும், வெள்ளைக் காளான் ஒரு பொட்டலமும் வாங்கினேன். ஈர மரத்தில் கூழ்போலத் துளிர்க்கும் இவ்வகைக் காளான்களில் முன்னதைச் சீனர்கள் மரக்காது என்றும், பின்னதை வெள்ளிக்காது என்றும் அழைக்கிறார்கள். மலாய்க்காரர்களுக்குக் கறுப்பு வகை குரங்குக் காது.

கறுப்புக் காளானில் குறை சொல்ல ஏதுமில்லை. கருகிய அப்பளத் துண்டுகளைப் போலிருந்ததில் 10 கிராமை மட்டும் தண்ணீரில் போட்டேன். அரை மணி நேரத்தில் கிண்ணம் நிறைய விரிந்துவிட்டது. (முதன்முறை இது தெரியாமல் ஒரு பிடி அள்ளிப்போட்டு, இரண்டு நாள் அதையே தின்றோம்.) மணல் அதிகமில்லை, மரத்தோடு ஒட்டியிருந்த கெட்டியான அடிப்பகுதியை மட்டும் நறுக்கி எறிய வேண்டியிருந்தது. அடிப்புறம் சாம்பல் நிறத்தில் பூனைமயிர் படர்ந்த மலிவான வகை தடித்து, சவைப்பதற்குக் கடினமாக இருக்கும்; இது இருபுறமும் வழவழப்பான மெல்லிய வகை. தனக்கென்று சுவையோ மணமோ இதற்குக் கிடையாது என்பதால், மொட்டுக் காளானின் வாசனையை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். நெடுநேரம் கொதித்தாலும் குழையாத அந்த நறுக்கென்ற கடிக்காகவே இதை வாங்க வேண்டும். பூண்டும் மிளகும் சேர்த்து வதக்கியபோது மிக நன்றாக இருந்தது. புளிக்குழம்பில் ஒட்டவே இல்லை.

வெள்ளைக் காளானைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. நல்ல சரக்கு இளமஞ்சளாக இருக்கும். இதுவோ பஞ்சைப்போல வெளுத்து, பொட்டலத்தைப் பிரித்தவுடன் தீக்குச்சி உரசிய நெடி வீசியது. கந்தகப் புகை காட்டி வெளுத்திருக்கிறார்கள் என்றே கருதுகிறேன். வேறொரு பூஞ்சையின் துணையின்றி மரத்தில் செழிக்காத இக்காளானை, இரண்டையும் சேர்த்தே வளர்க்கும் முறையில் சீனாவின் ஃபூஜியான் மாநிலத்துக் குத்தியான் வட்டாரம் பெயர்பெற்றது. இந்தப் பொட்டலத்திலோ விளைந்த ஊரின் பெயரே இல்லை. மூன்று முறை அலசியும் நெடி போகாததால் சமைக்காமல் கொட்டிவிட்டேன்.

எவ்வளவு நேரம் ஊறவைக்க வேண்டும் என்ற குறிப்பு இரண்டிலுமே இல்லை என்பது பெருங்குறை. நம் ஊர் வெப்பத்தில் இரவு முழுவதும் வெளியே ஊறவிட்டால், சமைத்தாலும் அழியாத கொடிய நச்சை உண்டாக்கும் பாக்டீரியா அதில் பெருகக்கூடும்.

கறுப்புக் காளானுக்காக அக்கடைக்கு மீண்டும் போவேன். வெள்ளையை, பொட்டலம் கட்டாமல் முகர்ந்து பார்க்கத் தரும் கடையில்தான் இனி வாங்குவேன்.