புல்வெட்டி டேங்கில் பெட்ரோலை விட்டுவைத்த கதை: 5 வருட அனுபவம்

களியக்காவிளை பக்கம் எங்கள் ஊர் கிளப்பின் கால்பந்து மைதானத்துக்காக பெட்ரோல் புல்வெட்டி வாங்கி 5 வருடம் ஆகிறது. 160 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக், தள்ளிக்கொண்டு போகிற வகை. பிளேடு, வீல் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. ஸ்டார்ட்டர் கயிறு ஒருமுறை அறுந்தது, மாற்றினோம், அவ்வளவுதான். என்னைப் படுத்தியெடுத்தது முழுக்கப் பெட்ரோல்தான்.

குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு, அதனால் ஜூனிலும் அக்டோபரிலும் மெஷினுக்கு ஓய்வே கிடையாது. ஜனவரி முதல் மார்ச் வரை தரை காய்ந்து கிடக்கும், மெஷினும் ஷெட்டில் கிடக்கும். முதல் வருடம் டேங்கில் பாதிப் பெட்ரோலோடு அப்படியே மூடிவைத்துவிட்டேன். ஏப்ரலில் டோர்னமெண்ட் வருகிறதே என்று எடுத்து, கயிறை இழுத்து இழுத்துத் தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். பக்கத்து டவுன் கடையில் கார்புரேட்டர் போச்சு, புதுசுதான் போடணும் என்று 2,200 ரூபாய் வாங்கிவிட்டார்கள்.

அடுத்த வருடமும் அதே கதை. இந்த முறை கேரள எல்லை தாண்டி பாறசாலைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த மெக்கானிக் டேங்க் மூடியைத் திறந்து ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, "அண்ணா, இது பெட்ரோல் அல்ல, வார்னிஷ் ஆயி" என்று சிரித்தார். கார்புரேட்டருக்கு அடியில் இருக்கிற கிண்ணத்தைக் கழற்றிக் காட்டினார்: அடியில் பழுப்பாகப் பிசின், ஓரத்தில் அலுமினியம் பூத்த வெள்ளைப் பொடி, பெட்ரோல் போகிற, ஊசி முனை அளவுள்ள ஜெட் ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. கிளீனர் அடித்து, காற்று பிடித்து ஊதினார். இரண்டாவது இழுப்பில் ஓடியது. போன வருடம் தூக்கிப்போட்ட கார்புரேட்டரை நினைத்து வயிறு எரிந்தது.

மெஷினோடு வந்த கையேட்டில் எத்தனால் 10 சதவீதம் வரை என்றுதான் போட்டிருக்கிறது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் கலந்தது, நாம் என்ன செய்ய? எத்தனால் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் மூடி சரியாக இறுகாமல் இருந்த டேங்கிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிப் பார்த்தேன், மேலே பெட்ரோல், அடியில் கலங்கலாக விரல்கடை அளவுக்கு இன்னொன்று. இன்ஜின் அடியிலிருந்துதானே உறிஞ்சும், முதலில் போவது அந்தக் கலங்கல்தான். அப்படிப் பிரிந்ததைக் குலுக்கிப் பிரயோஜனமில்லை.

இப்போது செய்வது ரொம்ப சுலபம். 2 லிட்டருக்கு மேல் வாங்குவதில்லை, அதுவும் தகரக் கேனில். வெட்டி முடிக்கிற நேரத்தில் டேங்கிலிருந்து பெட்ரோல் வருகிற வால்வை மூடிவிட்டு, கிண்ணத்தில் இருப்பது தீர்ந்து தானாக அணையும்வரை ஓடவிடுகிறேன். டிசம்பர் கடைசியில் டேங்கையும் வடித்துவிடுவேன். தெளிவாக இருந்தால் அது என் ஸ்கூட்டருக்கு. கெடாமல் இருக்க ஊற்றுகிற மருந்தும் ஒரு சீசன் வாங்கிப் பார்த்தேன், வடிக்கிற வேலை 10 நிமிடம்தான், அதற்குப் போய் எதற்குக் காசு? கேரளாவைவிட இங்கே லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்று அங்கிருந்து வண்டிகள் வந்து வரிசை கட்டுவதால் எங்கள் பங்கில் சரக்கு தேங்குவதே இல்லை, தேங்கியது என் டேங்கில்தான்.

பிளேடைச் சுத்தம் செய்யச் சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் மேலே இருக்கும்படி சாய்க்கவும். ஒருமுறை மாற்றிச் சாய்த்து ஃபில்டர் முழுக்க ஆயில் ஊறிப்போனது.

அப்புறம், இங்கே ரப்பர் விளை வைத்திருக்கிற பாதிப் பேரிடம் டூ ஸ்ட்ரோக் காடுவெட்டி மெஷின் உண்டு, லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலந்து ஊற்றுவது. அந்தக் கேனை எடுத்து எங்கள் பையன் ஒருவன் இதில் ஊற்றிவிட்டான். மைதானம் முழுக்கப் புகை, பிளக் கரி பிடித்துப்போனது. மாறிப்போய் வெறும் பெட்ரோல் காடுவெட்டியில் விழுந்திருந்தால் ஆயில் இல்லாமல் பிஸ்டனே பிடித்திருக்கும். இரண்டு கேனிலும் சிவப்புப் பெயின்டில் பெரிதாக எழுதிவைத்தேன். போன வாரம் அதே பையன் எழுத்து இருக்கிற பக்கத்தையே பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணே, இது எதுக்குள்ளது?" என்கிறான்.