பவர் பேங்கில் 50,000 என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள்: கொழும்பில் நான் ஏமாந்த ஒரு பகல்

போன மாதம் நடந்தது. தொகை என்று பார்த்தால் பெரிதில்லை, பவர் பேங்க் 4,900, அடாப்டர் 1,800, அப்புறம் ஆட்டோ 1,500, எல்லாம் சேர்த்து 8,200 ரூபாய். ஆனால் ஏமாந்த விதம் இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ் ஏறி விடியற்காலை வெள்ளவத்தையில் இறங்கி, பகலைக் கொழும்பில் ஓட்டிவிட்டு அன்றிரவே கட்டுநாயக்க விமானநிலையம் போகிற ஆட்கள் நம்மில் எத்தனை பேர், அவர்கள் எல்லாருக்கும் இது பொருந்தும்.

கோலாலம்பூரில் இருக்கும் அக்காவிடம் போய்க்கொண்டிருந்தேன். விமானம் நள்ளிரவு தாண்டி 12.40க்கு. காலை ஐந்து மணிக்கே சித்தப்பா வீட்டில் பெட்டியை வைத்துவிட்டேன், இரவு ஏழரை வரைக்கும் நேரம் என் கையில். நல்ல திட்டம் வைத்திருந்தேன். வெள்ளவத்தையிலிருந்து கடலோர ரயிலில் கோட்டைக்கு (அந்தக் கொஞ்ச நேரப் பயணத்துக்காகவே கொழும்பு வரலாம், தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே அலை அடிக்கும்), புறக்கோட்டையில் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல், அங்கிருந்து கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில், மத்தியானத்துக்குப் பிறகு தேசிய நூதனசாலை, பொழுது சாயும் நேரம் காலிமுகத்திடலில் இறால் வடை. அப்பா ஒன்றே ஒன்று கேட்டிருந்தார். நூதனசாலையில் இருக்கும் மும்மொழிக் கல்வெட்டைப் படம் எடுத்து அனுப்பு, தமிழ் வரிகள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று.

போனின் பற்றரி பழசு, பஸ்ஸிலேயே பாதி போய்விட்டது. வழியில் ஒரு பவர் பேங்க் வாங்கிவிட்டால் பகலுக்கும் உதவும், பயணத்துக்கும் உதவும் என்று நினைத்தேன். பிழை அங்கேதான் தொடங்கியது. முதலில் போன கடையில் 20,000 எம்ஏஎச் (mAh, பற்றரியின் கொள்ளளவு) என்று போட்ட ஒன்றுக்கு எண்ணாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். விலை கூட என்று அடுத்த கடைக்குப் போனேன். கடையின் பெயரோ தெருவோ சொல்லப் போவதில்லை, அது ஒரு கடையின் பிரச்சினை மட்டும் இல்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து கறுப்பு நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தார். பளபளவென்று வெள்ளி எழுத்தில் 50,000 எம்ஏஎச்.

"தம்பி, அம்பதாயிரம் இது. நாலு நாளைக்கு சார்ஜரே தேவைப்படாது."

"பிளேனில கொண்டு போகலாமோ அண்ணை?"

"தாராளமா. பெட்டிக்குள்ள போட்டுவிடுங்க, ஒரு பிரச்சினையும் இல்ல. வெளிநாடு போற ஆக்கள் எல்லாம் இங்கதான் வாங்குறாங்க."

அந்த இடத்திலேயே நான் நடையைக் கட்டியிருக்க வேண்டும். பவர் பேங்கைப் பெட்டிக்குள் போடச் சொல்கிற ஆளுக்கு ஒன்றும் தெரியாது, அல்லது எல்லாம் தெரியும். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. 8,000க்கு 20,000, 4,900க்கு 50,000 என்ற கணக்குத்தான் மண்டைக்குள் ஓடியது. எங்கே போகிறீர்கள் என்று கேட்டார், மலேசியா என்றேன். "ஐயோ, அங்க பிளக் வேறயே தம்பி" என்று ஒரு அடாப்டரையும் எடுத்து வைத்தார். அதையும் வாங்கினேன். மலேசியாவில் இருப்பது நம் நாட்டில் இப்போது புதிதாகப் போடுகிற அதே சதுர மூன்று முள் பிளக்தான். என் லேப்டாப் சார்ஜரில் இருந்ததும் அதே பிளக்தான். அந்த நேரத்தில் அது என் முதுகுப் பையில்தான் இருந்தது, வெளியே எடுத்து ஒரு முறை பார்த்திருந்தால் போதும்.

பில் கேட்டேன். ஒரு துண்டுக் காகிதத்தில் "பி.பி. 1, அடாப்டர் 1, மொத்தம் 6,700" என்று எழுதித் தந்தார். கடை முத்திரை இல்லை, மாடல் இல்லை, உத்தரவாதம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடை கடையாக ஏறி இறங்கியதில் ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தார்கள். முழுக்கக் கருங்கல்லில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கட்டிய கோயில், அதை வெளிவாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

நூதனசாலைக்குப் போகும்போது போனில் 22 சதவீதம். பவர் பேங்கைச் செருகினேன், நான்கு விளக்கும் எரிந்தது. 1877இல் திறந்த அந்த வெள்ளைக் கட்டடத்துக்குள் நுழைந்தால் நேரம் போவதே தெரியாது, நானும் வெண்கலச் சிலைகள் பக்கம் சுற்றிவிட்டுக் கல்வெட்டிடம் ஆறுதலாக வந்தேன். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல் அது. 1409ஆம் ஆண்டு தேதி போட்டிருக்கிறது, 1911இல் காலி நகரில் கண்டெடுத்தார்கள். சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தெய்வேந்திரமுனையின் தென்னாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கு, பாரசீகத்தில் இஸ்லாத்துக்கு என்று காணிக்கைப் பட்டியல். அறுநூறு வருடங்களுக்கு முன்னால் இந்தத் தீவுக்குச் சீனாவிலிருந்து ஒருவன் கடிதம் கொண்டுவருகிறான், அதில் ஒரு பங்கு தமிழில் இருக்கிறது. அப்பா ஏன் கேட்டார் என்று அங்கே நின்றபோதுதான் புரிந்தது.

போனை எடுத்தேன். ஐம்பதுக்குச் சற்று மேலே ஏறி நின்றிருந்தது, பவர் பேங்கின் விளக்குகள் எல்லாம் அணைந்துவிட்டன. சரி, இருப்பதை வைத்து எடுப்போம் என்று தொடங்கினால், பழைய பற்றரிக்குக் கேமராவைத் திறந்தால் ஆகாது, நாலாவது படத்தில் திரை கறுத்துவிட்டது. எடுத்த மூன்றும் சீனப் பக்கம்.

வெளியே மரத்தடி வாங்கில் உட்கார்ந்து அந்தக் கறுப்புப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கையில் பாரமே இல்லை. நகத்தால் சுரண்டினால் 50,000இன் கடைசிப் பூச்சியம் நகத்தோடு வந்தது.

போன் செத்தால் டாக்சி ஆப்பும் செத்தது. வாசலில் நின்ற ஆட்டோவில் மீட்டர் வேலை செய்யவில்லையாம். ஆப்பில் ஐந்நூறு, அறுநூறுக்குள் முடிகிற வெள்ளவத்தைப் பயணத்துக்கு 1,800 கேட்டு 1,500க்கு வந்தார். அதைப் பற்றி மேலே எழுத எனக்கு மனசில்லை, என் கையில் உயிரோடு ஒரு போன் இருந்திருந்தால் அது நடந்தேயிருக்காது. காலிமுகத்திடலும் இல்லை, இறால் வடையும் இல்லை. சித்தப்பா வீட்டில் போனையும் அந்தக் கறுப்புப் பெட்டியையும் சுவரில் செருகிவிட்டுச் சோபாவில் படுத்திருந்தேன்.

இரவு கட்டுநாயக்க. உள்ளே நுழையும்போதே பெட்டிகளை எக்ஸ்ரேயில் போடுவார்கள் இல்லையா, அங்கேயே என் பெட்டியை ஓரமாக வை என்றார்கள். கடைக்காரர் பேச்சைக் கேட்டு, இத்தனைக்கும் பிறகும், அதைப் பெட்டிக்குள்தான் வைத்திருந்தேன். எனக்கு நானே கொடுத்துக்கொள்ள வேண்டிய பட்டம் உங்களுக்கே தெரியும். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் பெட்டியைத் திறந்தால் மேலே புழுக்கொடியல், அதன் கீழே அம்மா துணியில் முடிந்து தந்த மிளகாய்த்தூள், எள்ளுப்பாகு, அக்காவின் சேலைகள், எல்லாவற்றுக்கும் அடியில் பவர் பேங்க். தரையில் பரப்பி எடுத்து, திரும்ப அடுக்கும்போது பெட்டி மூடவில்லை. பவர் பேங்கை முதுகுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கடைசிச் சோதனையில் ஒரு அலுவலர் அதைக் கையில் எடுத்தார், எழுத்தைப் படித்தார், பின்பக்கம் திருப்பினார், வாட்-அவர் (பற்றரியில் அடங்கும் மின்சக்தியின் அளவு) போட்டிருக்கிறதா என்று தேடினார், இல்லை.

"மல்லி, மேக்க கெனியன்ன பே."

தம்பி, இதைக் கொண்டுபோக முடியாது என்று சிங்களத்தில் சொன்னார். அவ்வளவுதான். கோபமும் இல்லை, கத்தலும் இல்லை. வெளியே வழியனுப்ப வந்தவர் இருந்தால் கொடுத்துவிட்டு வா என்றும் சொன்னார். சித்தப்பா அதற்குள் அதிவேகப் பாதையில் பாதி தூரம் போயிருப்பார். ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் போட்டேன், அதில் ஏற்கெனவே ஏழெட்டு கிடந்தன. என்னுடையதைப் போலவே வெள்ளி எழுத்துப் போட்ட ஒன்றும் கிடந்தது.

அந்த அலுவலர் மீது எனக்குக் கோபமில்லை, கணக்கு அப்படி. எம்ஏஎச்சை ஆயிரத்தால் பிரித்து 3.7ஆல் பெருக்கினால் வாட்-அவர் வரும். 20,000 என்றால் 74, 27,000 என்றால் 100க்கு மயிரிழை கீழே. 100 வரைக்கும் கைப்பையில் கொண்டுபோகலாம், 100க்கும் 160க்கும் நடுவில் என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதுவும் இரண்டுக்கு மேல் இல்லை, 160 தாண்டினால் எந்தப் பையிலும் கிடையாது. 50,000 என்றால் 185. ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். உண்மையாகவே 185 வாட்-அவர் இருந்தால் அது முக்கால் கிலோவுக்குக் குறையாமல் நிறுக்க வேண்டும். என்னுடையது ஒரு பெரிய சவர்க்காரக் கட்டியைவிடப் பாரமில்லை. திரும்பி வந்ததும் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் போன் திருத்தும் மச்சானிடம் சொன்னபோது, இதே மாதிரி ஒன்று பழுதாகித் தன்னிடம் வந்ததைத் திறந்து காட்டினான். உள்ளே ஒரே ஒரு தட்டைப் பற்றரி, பாரம் காட்ட ஒரு இரும்புத் துண்டு, அளந்து பார்த்ததில் 7,000 கூட இல்லை. என்னுடையதும் அப்படித்தான் இருந்திருக்கும், அதாவது 30 வாட்-அவர் கூட வராது. உள்ளதை உள்ளபடி எழுதி விற்றிருந்தால் எந்தத் தடையும் இல்லாமல் என்னோடு மலேசியா வந்திருக்கும். ஏழாயிரத்தை ஐம்பதாயிரம் என்று எழுதிய பொய்யால்தான் அது தொட்டிக்குள் போனது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு: 2025 ஜனவரி 28இல் தென்கொரியாவின் கிம்ஹே விமானநிலையத்தில் புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானம் ஒன்றில் தீப்பிடித்துக் கூரையே எரிந்தது, உள்ளே இருந்த 176 பேரும் சறுக்குப் பாதையில் இறங்கித் தப்பினார்கள். ஒரு பவர் பேங்க்தான் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். அடியில் சரக்கறைக்குள் பிடித்தால் போய் அணைக்க ஆளில்லை, அதனால்தான் பவர் பேங்கையும் தனிப் பற்றரிகளையும் கைப்பையில் வை என்கிறார்கள். விமான வாசலில் வைத்து உங்கள் கைப்பையை வாங்கிச் சரக்கறையில் போடுகிறோம் என்றாலும் இவற்றை வெளியே எடுத்துக்கொண்டுதான் பையைக் கொடுக்க வேண்டும். சில நிறுவனங்கள் கொண்டுவரலாம், ஆனால் விமானத்துக்குள் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. சிங்கப்பூர் எயார்லைன்ஸ் 2025 ஏப்ரலிலிருந்தும், எமிரேட்ஸ் அதே ஆண்டு ஒக்டோபரிலிருந்தும் அப்படி. உங்கள் நிறுவனம் என்ன சொல்கிறது என்று டிக்கெட் போடும்போதே பாருங்கள்.

வாங்குவதாக இருந்தால் ஊரிலேயே, ஒரு வாரம் முன்னால் வாங்குங்கள். ஒரு முறை முழுக்க சார்ஜ் ஏற்றி இறக்கிப் பார்த்தால் குட்டு வெளிப்படும். வாட்-அவர் அச்சிடாததைத் தொடவே வேண்டாம். கொழும்பில்தான் போன் வாங்குவேன் என்பவர்கள் காசு கொடுக்கும் முன்பு ஐஎம்இஐ (IMEI) என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு அந்தப் போனின் 15 இலக்க அடையாள எண்ணை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் பதிவில் அது இருக்கிறதா என்று பதில் வரும். கடைக்காரர் முகத்துக்கு முன்னாலேயே அனுப்புங்கள். பில்லில் மாடலும் கடைப் பெயரும் இருக்க வேண்டும். நுகர்வோர் அதிகாரசபையின் 1977க்கு நான் அழைத்தபோது முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான். வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். என்னிடம் இருந்தது "பி.பி. 1" என்ற துண்டு, பொருளோ கட்டுநாயக்கத் தொட்டியில்.

திரும்பி வந்த அன்று அந்தக் கடைக்கும் போனேன். அவருக்கு என்னை ஞாபகமே இல்லை. கதையைச் சொன்னதும், "ஏர்போர்ட்காரன் எடுத்ததுக்கு நான் என்ன செய்ய தம்பி" என்றார். எனக்குப் பக்கத்தில் பயணப் பெட்டியோடு ஒரு பையன் அதே வெள்ளி எழுத்துச் சாமானைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நகத்தால் ஒருக்கால் சுரண்டிப் பாரும் தம்பி என்றேன். சுரண்டினான். வைத்துவிட்டுப் போய்விட்டான். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வைக்காகவே அந்த 4,900ஐக் கொடுத்ததாக வைத்துக்கொள்ளலாம்.

அடாப்டர் மட்டும் வீட்டில் கிடக்கிறது. மலேசியாவில் வெளியே எடுக்கவே இல்லை. எங்கள் வீட்டுச் சுவரில் இன்னும் பழைய வட்டத் துளைகள்தான், அதற்குள்ளும் அது ஏறவில்லை.